அப்பா பெயரில் உதவித்தொகை: யாருக்கு, எப்போது, எப்படி?

கேள்வி: எங்கள் அப்பா பத்து வயதில் தகப்பனை இழந்து, ஊரார் உதவியில் படித்தவர். போன வருடம் தவறிவிட்டார். தாயையோ தந்தையையோ இழந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவர் பெயரில் உதவ, நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து 5 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். 80 சதவீதத்துக்கு மேல் எடுத்த மூன்று பேருக்கு, வருடம் தலா 10,000 கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் அந்த 80 சதவீதத்தை எடுத்துவிடுங்கள், சகோதரி. பெற்றவர் போன வருடத்தில்தான் பிள்ளையின் மார்க் சரியும். ஆஸ்பத்திரிக்கு அலைந்தது, பகுதி நேர வேலைக்குப் போனது, தம்பிக்குச் சமைத்துப் போட்டது எதுவும் மார்க் ஷீட்டில் வராது. வகுப்புக்கு ஒழுங்காக வருகிறார் என்று துறைத்தலைவர் சொன்னால் போதும். ஒன்றிரண்டு அரியர் இருந்தாலும் தள்ளாதீர்கள்.

அடுத்தது கணக்கு. 7 சதவீத வட்டி என்று வைத்தால் வருடம் 35,000 வரும். மூன்று பேருக்குச் சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இளங்கலை மூன்று வருடம். இந்த வருடமே மூன்று பேரை எடுத்தால், அவர்கள் முடிக்கும்வரை புதிதாக ஒருவரையும் சேர்க்க முடியாது. வருடா வருடம் ஆளை மாற்றினாலோ, நம்பிச் சேர்ந்த பிள்ளை நடுவில் நின்றுவிடும். அதனால் வருடத்துக்கு ஒரே ஒரு முதலாண்டு மாணவரை எடுத்து, படிப்பு முடியும்வரை கொடுங்கள். செலவு முதல் வருடம் 10,000, அடுத்து 20,000, பிறகு எப்போதும் 30,000. முதல் இரண்டு வருடம் மிஞ்சும் 40,000-ஐ அசலில் போடுங்கள். விலைவாசிக்கேற்ப தொகையை உயர்த்த அது வேண்டும்.

டெபாசிட் வட்டி மே மாதம் கைக்கு வரட்டும். அப்பாவின் நினைவு நாள் எந்த மாதம் வந்தாலும், பணம் சேர்க்கை சமயத்தில் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் அதற்குள் அந்தத் தாய் வட்டிக்கு வாங்கியிருப்பார்.

இறப்புச் சான்று, புதிதாக எடுத்த வருமானச் சான்று, போனஃபைடு (அந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்ற சான்று), பாஸ்புக் நகல் போதும். வாரிசுச் சான்று கேட்காதீர்கள். சொத்துத் தகராறு உள்ள வீட்டில் அது மாதக்கணக்கில் இழுக்கும். உங்களுக்கு அதனால் பயனும் இல்லை.

நம் கடலூருக்கென்று ஒரு விதி அவசியம். தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ கடலுக்குப் போனவர் திரும்பாமல், உடலும் கிடைக்காவிட்டால், இறப்புச் சான்று லேசில் வராது. ஒருவரைப் பற்றி 7 வருடம் தகவலே இல்லை என்றால்தான் இறந்தவராகச் சட்டம் அனுமானிக்கும். அதற்குள் பிள்ளை படிக்கும் வயதே தாண்டிவிடும். எஃப்.ஐ.ஆர். நகலும் மீனவர் கூட்டுறவுச் சங்கக் கடிதமும் இருந்தால் ஏற்போம் என்று எழுத்திலேயே வையுங்கள். வேறு உதவி பெறுபவர் விண்ணப்பிக்கக் கூடாது என்றும் போடவேண்டாம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய் மெஸ் பில்லுக்கே காணாது.

பணம் மாணவரின் சொந்தக் கணக்குக்குப் போகட்டும். பள்ளியில் திறந்த கணக்கு இரண்டு வருடம் தொடாமல் கிடந்து முடங்கியிருக்கலாம். பணம் ஏறும், எடுக்க வராது. முதலில் 100 ரூபாய் அனுப்பி, எடுக்க முடிந்ததா என்று கேட்டுவிடுங்கள்.

இந்தத் தொகைக்குத் தனி டிரஸ்ட் வேண்டாம். பதிவு, ஆடிட்டர் என்று வட்டியில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். கல்லூரி முதல்வரிடம் பேசி, கல்லூரியே வைத்து நடத்தும் நிரந்தர வைப்புநிதியாக (எண்டோமென்ட்), மேற்சொன்ன விதிகளை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

மேடை, சால்வை, போட்டோ கூடவே கூடாது. 'அப்பா இல்லாத பிள்ளை' என்று வகுப்பின் முன் நிற்கவைப்பது கொடுமை. அதற்குப் பதிலாக, உங்கள் அப்பா எப்படிப் படித்தார் என்று ஒரு பக்கம் எழுதி, முதல் தவணை ஏறும் அன்று அந்தப் பிள்ளையின் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள்.