விண்கல் இரும்பும் பெலிஸ்தக் கொல்லனும்

அன்புள்ள அக்கா,

ஞாயிறு பள்ளியும் காமிக்ஸும் சேர்ந்து வளர்த்த ஆள் நான். வேதாகமக் காலத்தில் நடக்கும் ஒரு சூப்பர் ஹீரோ தொடர்கதை எழுத ஆசை. பெத்லகேம் பக்கம் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன், வானத்திலிருந்து விழுந்த கல்லைத் தொடுகிறான், சக்தி வந்துவிடுகிறது. பகலில் மேய்ப்பன், இரவில் முகமூடி. எரிகோவை ஆளும் எதிரிகளான பெலிஸ்தரைப் பறந்து பறந்து அடிக்கிறான், மீட்ட ஜனங்கள் தங்கக் காசுகளைக் கொட்டுகிறார்கள், வாங்க மறுக்கிறான். ஒரு நண்பர் இதைத் தெய்வ நிந்தனை என்கிறார். இன்னொருவர், வேதாகமத்துப் பலசாலி சிம்சோனே சூப்பர் ஹீரோதானே, புதிதாக என்ன இருக்கிறது என்கிறார். எழுதலாமா? எங்கே ஆரம்பிக்க?

ப.

அன்புள்ள தம்பி,

தாராளமாக எழுதுங்கள். நிந்தனை என்று சொன்ன நண்பரை வேதாகமத்தின் நியாயாதிபதிகள் புத்தகத்தை ஒரே மூச்சில் படிக்கச் சொல்லுங்கள், ஞாயிறு பள்ளியில் தாண்டிப் போகிற இடங்களையும் விடாமல். ஏகூத் என்கிற இடதுகைக்காரன் வலது தொடையில் கத்தியை மறைத்துக்கொண்டு மோவாபிய ராஜா எக்லோனிடம் போகிறான், குத்துகிறான், ராஜா அத்தனை பருமன், பிடியோடு கத்தி உள்ளே போய்க் கொழுப்பு மூடிக்கொள்கிறது. வெளியே வேலைக்காரர்கள் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து ராஜா கொல்லைக்குப் போயிருக்கிறார் போல என்று சங்கடத்தோடு காத்துக்கொண்டு நிற்கிறார்கள். இதையெல்லாம் கூச்சமில்லாமல் எழுதி வைத்த புத்தகத்துக்கு உங்கள் பறக்கும் பையனால் ஒன்றும் ஆகிவிடாது.

இரண்டாவது நண்பர் சொல்வதில் பாதி சரி. 1938-இல் சூப்பர்மேனைக் கொண்டுவந்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள், கிளீவ்லாந்தில் வளர்ந்தவர்கள். சிம்சோன், ஹெர்குலிஸ் மாதிரி ஆட்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து யோசித்ததாக சீகலே சொல்லியிருக்கிறார். ஆக, அங்கிருந்து கிளம்பி வந்த ஆளைத்தான் நீங்கள் திரும்ப ஊருக்கு அழைத்துப் போகப் பார்க்கிறீர்கள். ஆனால் நடுவில் அவன் ரொம்ப மாறிப்போனான். இப்போதைய சூப்பர் ஹீரோவுக்குச் சக்தி என்பது சொந்தச் சொத்து, ஒரு தடவை வந்தால் வந்ததுதான், நினைத்தபோது எடுத்துப் பயன்படுத்தலாம். வேதாகமத்து ஆட்களுக்கு அது இரவல். எப்போது வரும் என்று தெரியாது, போனதும் தெரியாது.

சிம்சோனையே பாருங்கள். சிங்கத்தைக் கிழிக்கும்போது கடவுளின் ஆவி இறங்குகிறது. கழுதையின் தாடை எலும்பால் ஆயிரம் பேரை அடித்துப்போட்ட உடனே என்ன நடக்கிறது? தாகத்தில் செத்துவிடுவேன் போலிருக்கிறது, இவர்கள் கையில் விழவா என்று கடவுளிடம் புலம்புகிறான். சண்டை முடிந்த பத்தாவது நிமிஷத்தில் அவன் வெறும் தொண்டை வறண்ட மனிதன். ஓவியர்கள் அவனை மலைபோலத் தசைகளோடு வரைகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆள் அப்படி இருந்திருந்தால் பெலிஸ்த அதிபதிகள் ஆளுக்கு 1,100 வெள்ளிக்காசு தருகிறோம், இவன் பலம் எதில் இருக்கிறதென்று கண்டுபிடி என்று அவன் காதலி தெலீலாளிடம் வந்து நிற்பார்களா? பார்த்தாலே தெரியுமே! பார்வைக்கு நம் தெருவில் போகிற ஆள் மாதிரி இருந்திருப்பான், அதுதான் அவர்களைக் குழப்பியது. (இந்த 'வெள்ளிக்காசு' மொழிபெயர்ப்பில் வந்தது. அந்தக் காலத்தில் நாணயமே கிடையாது, வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுப்பார்கள். உங்கள் தங்கக் காசுகளையும் எடுத்துவிடுங்கள்.)

அப்புறம் அந்த இடம். பலத்தின் ரகசியம் வெட்டாத தலைமயிர் என்று தெலீலாளிடம் சொல்லிவிட்டான், அவன் தூங்கும்போது அதைச் சிரைத்தாகிவிட்டது. பெலிஸ்தர் வந்துவிட்டார்கள் என்ற சத்தத்தில் விழிக்கிறான். எப்போதும்போல உதறிக்கொண்டு வெளியே போவேன் என்று எழுகிறான். சக்தி தன்னைவிட்டுப் போனது அவனுக்குத் தெரியவில்லை. எத்தனையோ சூப்பர் ஹீரோ கதைகள் இந்தக் கட்டத்தைத் தொட முயற்சி செய்திருக்கின்றன, ஆனால் அவற்றில் நாயகனுக்கு உடனே தெரிந்துவிடும், கை நடுங்கும், கண்ணில் ஒளி மங்கும். இங்கே ஒரு அறிகுறியும் இல்லை. எழுந்து நிற்கிறான், அவ்வளவுதான், பிடித்துவிடுகிறார்கள்.

தீர்க்கதரிசி எலியாவையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறக்கிய கையோடு ராஜா ஆகாபின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் வரைக்கும் ஓடுகிறார், சுமார் 25 கிலோமீட்டர். அடுத்த அதிகாரத்திலேயே ராணி யேசபேல் ஒரு ஆளனுப்பி மிரட்டுகிறாள், மனிதர் உயிர் தப்பிப் பெயெர்செபாவுக்கு ஓடி, அதையும் தாண்டி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து சாகிறேன் என்கிறார். தூதன் வந்து அறிவுரை சொல்லவில்லை, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துவிட்டுச் சாப்பிடு என்கிறான். சாப்பிட்டு மறுபடி தூங்குகிறார்.

முகமூடியும் எனக்கு உதைக்கிறது. அந்தக் காலத்து ஊர் என்பது நாலைந்து கூட்டு வீடுகள், கீழே ஆடுமாடு, பக்கத்தில் மனிதர்கள். ஒருவனுக்கு அடையாளமே இன்னாருடைய குமாரன் என்பதுதான். இருட்டில் நடையை வைத்தே யாரென்று சொல்லிவிடுவார்கள். இதற்குச் சாட்சியும் இருக்கிறது. நியாயாதிபதிகள் புத்தகத்திலேயே வரும் கிதியோன், பாகால் என்கிற அந்நிய தெய்வத்தின் பலிபீடத்தை இடிக்கிறான், தகப்பன் வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து ராத்திரியில், பத்து வேலைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு. விடிந்ததும் ஊர் கூடி விசாரிக்கிறது, யோவாஸின் மகன் கிதியோனுடைய வேலை என்று தெரிந்துவிடுகிறது. ரகசியம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை! அடுத்தது அதைவிட அழகு. மகனை வெளியே அனுப்பு, சாகட்டும் என்று வாசலில் நிற்கிறார்கள். இடிந்ததே அந்தத் தகப்பனுடைய பலிபீடம்தான். அவர் சொல்கிறார், பாகால் தேவனானால் தன் வழக்கைத் தானே பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் ஏன் அவனுக்காக வாதாடுகிறீர்கள். முகமூடி கிழிந்த பிறகு அப்பா என்ன செய்வார் என்பது முகமூடியைவிடப் பெரிய கதை. உங்கள் பையனுக்கும் ஒரு அப்பா வேண்டும்.

ஒரு திருத்தம். எரிகோ யோர்தான் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. பெலிஸ்தர் மேற்கே கடலோரச் சமவெளிக்காரர்கள், காசா, அஸ்கலோன், அஸ்தோத், காத், எக்ரோன் என்று ஐந்து பட்டணம். அதனால் உங்கள் பையன் மேற்கே திரும்ப வேண்டியிருக்கும். காலத்தை இஸ்ரவேலின் முதல் ராஜாவாகச் சவுல் வருகிற சமயம், கி.மு. 11-ஆம் நூற்றாண்டின் கடைசி என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தக் கல். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், நீங்களோ தொட்டதும் சக்தி வந்தது என்று ஒரே வரியில் அதை வீணாக்கிவிட்டீர்கள். விண்கல் இரும்பு நிஜமாகவே அந்தக் காலத்து அதிசயம். எகிப்தில் துட்டன்காமுனின் மம்மியோடு வைத்திருந்த குத்துவாள் விண்கல் இரும்பால் ஆனது என்று 2016-இல் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள், அதில் இருக்கிற நிக்கலின் அளவு காட்டிக்கொடுத்தது. சவுலுக்கு முந்நூறு வருஷம் முந்தைய சமாசாரம் அது. சவுல் காலத்தில் நிலைமை என்ன? இஸ்ரவேலில் ஒரு கொல்லன்கூட இல்லை. எபிரெயர், அதாவது இஸ்ரவேலர், பட்டயம், ஈட்டி செய்துவிடக்கூடாதென்று பெலிஸ்தர் அப்படி வைத்திருந்தார்கள். போர் வந்த நாளில் சவுலிடமும் அவன் மகன் யோனத்தானிடமும் தவிர யார் கையிலும் ஆயுதம் இல்லை. ஏர்க்கொழுவையும் கோடரியையும் தீட்டவே பெலிஸ்தரிடம்தான் இறங்கிப் போகவேண்டும். அதற்கான கூலிக்கும் எடைக்கல் கிடைத்திருக்கிறது, பீம் என்று எழுத்து வெட்டிய சின்னக் கல், ஏழரை கிராம் சொச்சம், அந்த எடைக்கு வெள்ளி.

தீட்டக் கொண்டுபோகும் சாமான்களின் பட்டியலில் தாற்றுக்கோலும் இருக்கிறது, மாடு ஓட்டுகிற முள்கோல். அதற்கு முந்தைய தலைமுறைகளில் சம்கார் என்று ஒருவன் இதே தாற்றுக்கோலால் 600 பெலிஸ்தரை அடித்தான் என்று ஒரே ஒரு வசனம் வருகிறது. ஒரு வசனம்தான், அவன் உயரம் என்ன, ஏன் அடித்தான், எதுவுமில்லை. புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்ட நண்பருக்கு இவனைக் காட்டுங்கள்.

ஆக உங்கள் பையன் கையில் வானத்திலிருந்து விழுந்த ஒரு கட்டி இரும்பு. அடித்து உருவாக்க ஊரில் ஆளில்லை. ஏலா பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, கோலியாத்தின் ஊரான காத்தில் எதிரியின் உலைக்களத்தில் போய் நிற்கவேண்டும், பட்டயம் என்று வாயெடுக்க முடியாது, அப்பாவுக்கு ஏர்க்கொழு என்று பொய் சொல்லவேண்டும். கொல்லனைக் கெட்டவனாக எழுதாதீர்கள். பெலிஸ்தரும் கடல் தாண்டி வந்து குடியேறினவர்கள்தான், அஸ்கலோன் எலும்புகளில் எடுத்த மரபணுவில் தெற்கு ஐரோப்பியக் கலப்பு தெரிந்ததாக 2019-இல் ஆய்வு வந்தது. அவன் தாத்தாவுக்குத் தாத்தா கதையாகச் சொன்ன ஊர் ஒன்று இருந்திருக்கும். அவன் கட்டியைத் தீயில் போடுகிறான், சுத்தியலால் ஒரு தட்டு தட்டுகிறான். வழக்கமான இரும்பு மாதிரி இல்லை. கைத்தொழில்காரனுக்கு அது உடனே தெரியும். பையனை நிமிர்ந்து பார்த்து, இது எங்கே கிடைத்தது என்று கேட்கிறான்.

முதல் அத்தியாயத்தை அந்தக் கேள்வியோடு நிறுத்திவிட்டு எனக்கு அனுப்புங்கள். பறக்கிறதை எல்லாம் ஐந்தாவது அத்தியாயத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா