நீட் எழுதப் போகும் மகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் 461 மதிப்பெண். ஆறாம் வகுப்பிலிருந்து ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில்தான் படித்தாள். டாக்டர் ஆக ஆசை. பிளஸ் ஒன்னுக்கு நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு இருக்கிற தனியார் பள்ளியில் சேர்த்தால்தான் நீட் தேறுவாள் என்கிறார் என் அண்ணன். மூன்று மா நிலத்தை ஒத்திக்கு வைத்தால் பணம் புரட்டிவிடலாம். டி.சி. வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். சேர்க்கலாமா?
(திருத்துறைப்பூண்டி அருகிலிருந்து ஒரு தாய்)

பதில்: சேர்க்காதீர்கள், அம்மா.

ஏழரை என்றால் நமக்குச் சனிதான் ஞாபகம் வரும். உங்கள் மகளுக்கோ ஏழரைதான் யோகம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடங்களில் 7.5 சதவீதம் ஒதுக்கி 2020-ல் தமிழ்நாடு சட்டம் போட்டது. இதற்காக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் குழு பத்து சதவீதம் கேட்டது. அரசு அதை ஏழரையாகக் குறைத்தது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. இந்த இடங்களுக்குப் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான். அதனால் பொதுப் போட்டியில் வேண்டிய மதிப்பெண்ணைவிட நன்றாகக் குறைந்த மதிப்பெண்ணுக்கே இடம் கிடைத்து வருகிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். பிளஸ் ஒன்னுக்கு வெளியே போனால் இது கையை விட்டுப் போய்விடும்; முந்தைய ஐந்து வருடம் கணக்கில் வராது.

எய்டட் பள்ளிக்கும், அதாவது அரசு உதவி பெறும் தனியார் பள்ளிக்கும், இது கிடையாது. "வாத்தியார் சம்பளம் அரசாங்கம்தானே தருகிறது" என்று நினைத்து, டவுனில் பெயர் பெற்ற எய்டட் பள்ளியில் சேர்த்துவிட்டுக் கவுன்சலிங் சமயத்தில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் பிரச்சினை இல்லை.

உங்கள் அண்ணன் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. தனியார் விடுதிப் பள்ளியில் இரண்டு வருடமும் தேர்வுக்கென்றே ஓடும். நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் வேறு. கும்பகோணத்தில் ஒரு மாதிரித் தேர்வில் ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்று பார்த்தேன். இயற்பியல் கணக்கு. ஓரத்தில் 'கொடுக்கப்பட்டவை' என்று எழுதி அடிக்கோடு போட்டாள், அடுத்து சூத்திரம், அப்புறம் பிரதியிட்டாள். விடை சரி. ஆனால் நான்கு நிமிடம் போயிருந்தது. பொதுத்தேர்வில் அந்த ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் உண்டு. பத்து வருடமாக நாம் பழக்கியதைத்தான் அவள் செய்தாள். நீட்டில் 180 கேள்விக்கு 180 நிமிடம், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு அறிவு குறைவில்லை, வேறு விளையாட்டுக்குப் பழகியிருந்தாள், அவ்வளவுதான். பழைய வினாத்தாளை வாரம் ஒன்று, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, வட்டத்தை நிரப்பி விடை குறிக்கிற ஓ.எம்.ஆர். தாளில் போடச் சொல்லுங்கள். வீட்டிலேயே முடியும்.

தமிழ் வழி என்பதால் இன்னொன்று. தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். சந்தேகம் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். 2018-ல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே நொதி என்றால் என்சைம், உந்தம் என்றால் மொமென்டம் என்று ஒரு நோட்டில் இப்போதே எழுதிக்கொண்டு வரட்டும்.

நிலத்தை இப்போது ஒத்திக்கு வைக்க வேண்டாம். முதல் முறை தவறினால், பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் கோச்சிங் போகலாம். அதனால் ஏழரை போகாது. அப்போது வேண்டுமானால் பணத்தைப் பற்றி யோசியுங்கள்.

நீட் இல்லாத வாசல்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரி. மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, அங்கும் ஏழரை உண்டு. (மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பவரும் டாக்டர்தான், அம்மா.) நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகம் உங்கள் மாவட்டத்திலேயே இருந்தாலும் அதற்கு க்யூட் என்ற தனி நுழைவுத் தேர்வு.

பிளஸ் ஒன்னுக்குச் சேர்க்கும் முன் ஊர் அரசுப் பள்ளியில் ஒன்றே ஒன்று விசாரியுங்கள்: இயற்பியலுக்கு முதுநிலை ஆசிரியர் இருக்கிறாரா, இடம் காலியா? காலி என்றால், அந்தப் பள்ளியில் வேண்டாம். பீரோவில் இருக்கிற டி.சி.யை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் இருக்கிற வேறொரு அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போங்கள். பஸ்ஸில் அரை மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை. கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்பாகக் கேளுங்கள்.