வன்னியில் இருந்துகொண்டு, வார்த்தையால் நொந்த மனதுக்கு நல்ல உளவளத்துணையாளரை எப்படித் தேடுவது?

கேட்டவர் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறார். கணவர் கை நீட்டுவதில்லை, ஆனால் ஆறு வருடமாகச் சொல்லாலேயே தன்னை ஒன்றுக்கும் உதவாதவள் ஆக்கிவிட்டார். முல்லைத்தீவுப் பக்கம் இதற்குத் தெரபிஸ்ட் யாரும் இருக்கிறார்களா, இருந்தால் நல்ல ஆளை எப்படி அறிவது என்று கேட்கிறார்.

தங்கச்சி, இதே கேள்வியோடு நானும் அலைந்திருக்கிறேன். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பதினொரு வருடம் அப்படி ஒரு வீட்டில் இருந்துவிட்டு, நாலு வருடமாக மகளோடு அம்மா வீட்டில் இருக்கிறேன்.

முதன்முதல் நான் போய்க் கதைத்த உளவளத்துணையாளரைப் பற்றிச் சொல்கிறேன். எந்த இடம் என்று எழுதவில்லை.

"அவர் அடிக்கிறவரோ?"

"இல்லை."

"குடிக்கிறவரோ?"

"இல்லை."

"வேற ஆரும் பொம்பிளையோ?"

"இல்லை அக்கா."

"அப்ப என்ன பிரச்சினை?"

என்னிடம் பதில் இல்லை. மோட்டார்சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் திரும்பும்போதே வயிறு இறுகுவதையும், சோறு குழைந்துவிட்டதோ என்று மூன்றாம் தரமும் மூடியைத் திறந்து பார்ப்பதையும் என்ன பெயர் சொல்லி விளங்கப்படுத்துவது? ஒருமுறை பத்தொன்பது நாள் அவர் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. "உன்ரை அம்மாட்டைச் சொல்லு" என்று பிள்ளையிடம் சொல்லியே வீட்டை நடத்தினார். அழுதுகொண்டு கேட்டால், "நான் எப்ப கதைக்காமல் விட்டனான்? உனக்கு மண்டை பிழை" என்பார். பிறகு ஒரு நாள் ஒன்றுமே நடக்காததுபோலக் கொத்துரொட்டி வாங்கிவருவார். அந்த ஒரு நாளை நம்பி அடுத்த மூன்று மாதம் ஓடும்.

அந்த அக்கா அதற்குமேல் வீட்டுக் கதையைக் கேட்கவில்லை. 2009 இறுதிச் சண்டைக்குப் போய்விட்டார். பங்கர், சனம் ஒதுங்கிய மாத்தளன், பிறகு இருந்த மெனிக் பாம் முகாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பரிவோடுதான் கேட்டார். கடைசியில், "எவ்வளவத்தைத் தாண்டி வந்தனீங்கள், இதையும் கொஞ்சம் பொறுத்துப் போங்கோ. அடுத்தமுறை அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

வன்னியில் எந்த நோவையும் இறுதிச் சண்டையோடு வைத்துத்தான் நிறுத்துப் பார்க்கிறோம். அந்தத் தராசில் எந்த வீட்டுத் துயரமும் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் ஷெல் விழுந்தபோது பக்கத்தில் இருந்த எல்லோரும் பயந்தார்கள். நான் பயப்படுவது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டுக்குள் நான் ஒருத்திதான் பயந்தேன். அதனால் பயப்படுவதே என் பிழை என்று நம்பினேன். இந்த வித்தியாசம் பிடிபடுகிற ஆள்தான் உங்களுக்கு வேண்டும். படிப்பு, பட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த அக்காவின் சொல்லை நம்பி நான் கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அங்கே வடிவாகக் கதைத்தார். சிரித்தார், என் தலைவலிக்காகக் கவலைப்பட்டார். அன்று இரவு, "ஊருக்கு முன்னாலை என்னை நாறடிச்சுப் போட்டாய்" என்று தொடங்கியது, விடியும்வரை நிற்கவில்லை. அடுத்த நாள் என் போன் அவர் கையில். வதை நடந்துகொண்டிருக்கும்போது இருவரையும் ஒன்றாக இருத்திக் கதைக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலில் பால பாடம் என்று பிறகுதான் அறிந்தேன். அறைக்குள் நீங்கள் சொல்வதற்கு வீட்டில் வட்டி கட்டவேண்டி வரும். ஆகவே எடுத்த எடுப்பில் "அவரையும் கூட்டிவாருங்கள்" என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

இனி, எங்கே போவது. "தெரபிஸ்ட்" என்ற பலகையை எங்கள் பக்கம் தேடாதீர்கள். உளவளத்துணை, மனநலப் பிரிவு, சிலர் வாயில் சீர்மியம் என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். முல்லைத்தீவில் மாஞ்சோலை வைத்தியசாலை, அப்பால் கிளிநொச்சி, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகள், மூன்றிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. வீட்டு வன்முறைக்கென்றே "நட்பு நிலையம்" நடத்தும் அரச வைத்தியசாலைகளும் உண்டு, விசாரித்துப் பாருங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரையும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் கேட்கலாம். வெளிக்கிடவே ஏலாது என்றால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம். பெண்களுக்கு 1938. இரவிலும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம்.

என் அனுபவத்தில் சொந்த ஊரை விட்டு ஒரு ஊர் தள்ளிப் போவது நல்லது. பிரதேச செயலகத்தில் இருப்பவர் உங்கள் மாமியின் ஒன்றுவிட்ட தங்கையாகவும் இருக்கலாம். நான் விசுவமடு, தருமபுரம், பரந்தன் என்று பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனேன். அங்கேயும் கிளினிக் வாங்கில் எங்கள் ஊர் மனிசி ஒருவர் பக்கத்தில் வந்து இருந்து, "என்ன வருத்தம் பிள்ளை?" என்றார். "சீனி வருத்தம்" என்றேன். விசர் டொக்டரிடம் போனவள் என்ற பெயர் வந்தால், "நான் சொன்னனான்தானே" என்று கணவர் சொல்வதற்கு அது ஒன்றே போதும். இந்தப் பயத்தை நான் சின்னதாக எடுக்கவில்லை, நீங்களும் வெட்கப்படாதீர்கள்.

அங்கே சந்தித்தவர் முதலில் கேட்டது என் கதையை அல்ல. "நீங்கள் இஞ்சை வந்தது வீட்டிலை தெரியுமோ? தெரிஞ்சால் என்ன நடக்கும்?" என்று கேட்டார். பிறகு, எந்த இலக்கத்துக்கு எத்தனை மணிக்கு எடுத்தால் எனக்குப் பிரச்சினை வராது என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் நான் அழுதேன். ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992இலேயே இந்த ஒழுங்கை எழுதிவைத்திருக்கிறார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நடந்ததைச் சொல்லி அழுது தீர்ப்பது, பிறகு மனிதரோடு திரும்பச் சேர்வது. முதல் ஆளிடம் நான் இறுகிப்போனதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. காலுக்குக் கீழே நிலம் இல்லாதபோது அவர் என்னைக் கிணற்றுக்குள் இறங்கச் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் முதல் நாளே கேளுங்கள்: "நான் சொல்லுறது இந்த அறைக்கு வெளியிலை போகுமோ?" உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறு ஆட்களுக்குச் சொல்லவேண்டி வரும் என்று நேராகச் சொல்பவரை நம்பலாம். என்ன படித்தவர், இப்படி வந்த பெண்களோடு வேலை செய்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். நல்ல ஆள் கோபிக்கமாட்டார். எங்கள் பக்கம் ஆறு மாதப் பயிற்சியோடு உளவளத்துணையாளர் ஆனவர்களும் உண்டு. அவர்களிலும் அருமையான ஆட்களைக் கண்டிருக்கிறேன், ஆனாலும் கேளுங்கள்.

மருந்து தந்தால் பயப்படவேண்டாம். எனக்கும் தந்தார்கள். முதல் இரண்டு மூன்று கிழமை ஒன்றும் தெரியவில்லை, பிறகு நித்திரை வந்தது. நித்திரை வந்த பிறகுதான் யோசிக்கவே முடிந்தது. சுகம் என்று நினைத்துக் கேளாமல் நிறுத்திவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கும் ஒருவரோடு கதைக்கிற வழியும் இருக்கிறது. ஆனால் உங்கள் போனைக் கணவர் பார்க்கிறவர் என்றால் அதை நம்பாதீர்கள். நான் சில மாதம் முன்பள்ளி விட்ட பிறகு, கூட வேலை செய்த ரீச்சரின் போனில்தான் கதைத்தேன்.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மனதை வதைப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது. நீதவான் நீதிமன்றம் பன்னிரண்டு மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை தரலாம். நான் அதற்குப் போகவில்லை. ஆனால் "அடியுமில்லை, குடியுமில்லை" என்று கேட்டவர்களுக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது என்று அறிந்த அன்று முதுகு நிமிர்ந்தது.

கிளிநொச்சியில் எனக்குத் தந்த முதல் வேலை ஒரு கொப்பி. திகதி, கணவர் சொன்ன சொல், அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். விளக்கம் எழுதவேண்டாம் என்றார். மூன்றாம் கிழமை புரட்டிப் பார்த்தேன். "நான் எப்ப சொன்னனான்?" என்று கணவர் மறுத்த அதே வசனம், என் கையெழுத்தில், நாலு இடத்தில் இருந்தது. மண்டை பிழை இல்லை என்று எனக்கு முதலில் சொன்னது அந்தக் கொப்பிதான்.

நீங்களும் இன்றைக்கே தொடங்குங்கள், முதல் சந்திப்புக்குப் போகும்போது கொண்டு போங்கள். ஆனால் வீட்டில் வைக்காதீர்கள். என்னுடையது முன்பள்ளி அலுமாரியில், பிள்ளைகளின் வர்ணம் தீட்டும் கொப்பிகளுக்கு நடுவில், "கத்தரிக்கோல் கணக்கு" என்று அட்டையில் எழுதி இருந்தது.