லிங்கர் ஸ்கிரிப்ட் கேள்வி பதில்: எந்த செக்‌ஷன் எங்கே?

கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக்கி, ஒவ்வொரு செக்‌ஷனையும் (கோடு, டேட்டா போன்ற பகுதி) எந்த முகவரியில் வைப்பது என்று பார்ப்பது லிங்கர்; அதற்கான கட்டளைகள் ஸ்கிரிப்டில். இன்று ஜிஎன்யு எல்டி என்ற லிங்கர், கார்ட்டெக்ஸ்-எம் என்ற மைக்ரோகன்ட்ரோலர் ப்ராசஸர் மட்டும். கேட்பதற்கு முன் மேப் ஃபைலை (எது எந்த முகவரியில் என்று லிங்கர் தரும் பட்டியல்) திறந்து பாருங்கள். பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.

கே: எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப். ஃப்ளாஷே 64 கேபிதான், ஆனால் பின் ஃபைல் (சிப்பில் ஏற்றும் பைனரி) 384 எம்பி வருகிறதே?

ப: .டேட்டாவுக்கு (தொடக்க மதிப்புள்ள மாறிகள்) ">ராம்" என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். ஃப்ளாஷ் ஹெக்ஸ் 08000000-இல் தொடங்குகிறது, ராம் 20000000-இல். நடுவிலுள்ள பள்ளத்தை ஆப்ஜ்காப்பி (பின் ஃபைலை உருவாக்கும் கருவி) சைபரால் நிரப்பிவிட்டது. ">ராம் ஏட்> ஃப்ளாஷ்" என்று மாற்றுங்கள்.

அதோடு வேலை முடியாது. .டேட்டாவை ஃப்ளாஷிலிருந்து ராமுக்குத் தூக்கி வைப்பது லிங்கர் அல்ல, மெயினுக்கு முன் ஓடும் உங்கள் ஸ்டார்ட்அப் கோடு. மூல முகவரியை லோட்ஆடர்(.டேட்டா) தரும். .டேட்டாவின் தொடக்கம், முடிவு இரண்டிலும் அலைன்(4) போடுங்கள். நான்கு நான்கு பைட்டாக நகலெடுக்கும் லூப் "முடிவுக்குச் சமமா" என்று சோதித்தால், ஒரு பைட் பிசகினாலும் முடிவைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

கே: ஜிசி-செக்‌ஷன்ஸ் (பயன்படாத செக்‌ஷன்களை நீக்கும் லிங்கர் ஆப்ஷன்) சேர்த்ததும் போர்டு எழவே இல்லை.

ப: வெக்டர் டேபிளை (ரீசெட், இன்டரப்ட் வந்தால் எங்கே தாவ வேண்டும் என்ற முகவரிப் பட்டியல்) உங்கள் கோடில் யாரும் கூப்பிடுவதில்லை, ப்ராசஸர்தான் படிக்கிறது. லிங்கர் அதை வேண்டாதது என்று வீசிவிட்டது. கீப்(*(.ஐஎஸ்ஆர்_வெக்டர்)) என்று ஃப்ளாஷின் தலையில் வையுங்கள்.

கே: ஸ்கிரிப்டில் .டேட்டாவின் தொடக்கத்தைக் குறிக்கும் _எஸ்டேட்டாவை சி-யில் படித்தால் குப்பை வருகிறது.

ப: லிங்கர் சிம்பலுக்கு முகவரி மட்டும்தான் உண்டு. முன்னால் & போடுங்கள்.

கே: கீல் ஸ்கேட்டர் ஃபைலில் இதை எப்படி எழுதுவது?

ப: அது ஆர்ம்லிங்க் என்ற வேறு லிங்கர், வேறு மொழி. அங்கே கேளுங்கள்.

கே: .டெக்ஸ்ட்.ஃபாஸ்ட் என்று பெயரிட்ட ஃபங்ஷன் ராமுக்குப் போகாமல் ஃப்ளாஷிலேயே நிற்கிறது.

ப: ஸ்கிரிப்டில் முதலில் பொருந்தும் வரிக்கே செக்‌ஷன் போகும். மேலே இருக்கும் *(.டெக்ஸ்ட்*) அதை விழுங்கிவிட்டது. .ராம்ஃபங்க் என்று பெயரை மாற்றி, .டேட்டாவுக்குள் சேர்த்துவிடுங்கள், நகலெடுக்கும் லூப் அதையும் சேர்த்துத் தூக்கும்.

கே: இன்டரப்ட் டேபிள் காணாமல் போகிறது, ஏன்?

ப: கீப். மேலே இருக்கிறது. மேப் ஃபைலையும் பார்க்கவில்லை, சரிதானே?

கே: ஸ்டாக்கை (ஃபங்ஷன்களின் தற்காலிக இடம்) ராமின் உச்சியில் வைப்பதுதானே முறை?

ப: வழக்கம், அவ்வளவுதான். உச்சியிலிருந்து இறங்கும் ஸ்டாக் நிரம்பினால் சத்தமில்லாமல் .பிஎஸ்எஸ்ஸை (சைபரில் தொடங்கும் மாறிகள்) அழிக்கும். அடியில் 2 கேபி ஒதுக்கி, .டேட்டா, .பிஎஸ்எஸ் இரண்டையும் அதற்கு மேல் வையுங்கள். நிரம்பினால் 20000000-க்குக் கீழே கால் வைக்கும், அங்கே ராம் இல்லை, உடனே ஃபால்ட் (ப்ராசஸர் எழுப்பும் பிழை).

கே: கினெட்டிஸ் கே சிப் வரிசையில் 20000000-க்குக் கீழேயும் ராம் இருக்கிறதே! உங்கள் வித்தை அங்கே பலிக்காது.

ப: நல்ல பிடி. அங்கே எஸ்ராம்_எல் (20000000-க்குக் கீழே உள்ள ராம்) தொடங்கும் இடத்தில்தான் ஸ்டாக்கை வைக்க வேண்டும்.

கே: ஃபால்ட் ஹேண்ட்லருக்கும் (ஃபால்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) அதே ஸ்டாக்தானே? அதுவும் விழுமே?

ப: விழும். அதனால் ஹேண்ட்லரின் முதல் வரியை அசெம்பிளியில் எழுதி, எஸ்பியை (ஸ்டாக் பாயின்டர்) மறுபடி ஸ்டாக்கின் மேல் முனைக்கு ஏற்றிவிட்டு, பிறகு சி-க்குத் தாவுங்கள்.

கே: வெக்டர் டேபிள் பின் ஃபைலில் இல்லை...

ப: கீப்.