20,000 வரி சிஎஸ்வி: ரோபோட் ஃப்ரேம்வொர்க் ஃபார் லூப் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?

ரோபோட் ஃப்ரேம்வொர்க் (மென்பொருளைத் தானாகச் சோதிக்கும் கருவி) டெஸ்டில் 20,000 வரி சிஎஸ்வி கோப்பை ஃபார் லூப் மூலம் வரிவரியாக ஒப்பிட்டால் மெதுவாகத்தான் ஓடும். அந்த லூப்பை அப்படியே ஒரு பைத்தான் ஃபங்ஷனுக்குள் கொண்டுபோய், அதை லைப்ரரியாகச் சேர்த்து ஒரே கீவேர்டாக (ரோபோட் டெஸ்டில் ஒரு படியைச் செய்யும் கட்டளை) அழையுங்கள். பைத்தானில் நொடிகளில் முடியும் ஒப்பீடு ரோபோட்டில் பல நிமிடம் இழுப்பதற்கு உங்கள் லாஜிக் காரணமில்லை.

ஒவ்வொரு கீவேர்ட் அழைப்பிலும் ரோபோட் பெயரைத் தேடுகிறது, வேரியபிள்களை நிரப்புகிறது, லிஸனர்கள் (டெஸ்ட் ஓடுவதைக் கவனிக்கும் துணை நிரல்கள்) இருந்தால் கூப்பிடுகிறது, பிறகு ஆர்க்யுமென்ட், நேரம், நிலை எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல் பதிவுக் கோப்பில் எழுதுகிறது. வரிக்கு 4 கீவேர்ட் என்றால் 80,000 அழைப்புகள். அதற்கு மேல் லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பதிவு வேறு. பைத்தானில் அதே வேலை வெறும் சரங்களை (எழுத்துத் தொடர்களை) ஒப்பிடுவதுதான்.

பதிவு எழுத ஆகும் நேரம் எவ்வளவு என்று பார்க்க, அவுட்புட் ஆப்ஷனுக்கு 'நன்' (NONE) கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். நேரம் வெகுவாகக் குறைந்தால் பதிவெழுதுவதே சுமை. குறையாவிட்டால் கீவேர்டை இயக்குவதே சுமை. லாக் லெவல் (எவ்வளவு விவரம் பதிவாக வேண்டும் என்ற அமைப்பு) 'ட்ரேஸ்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்; அது ஒவ்வொரு ஆர்க்யுமென்டையும் திரும்பும் மதிப்பையும் எழுதும். ரிமூவ்-கீவேர்ட்ஸ் ஆப்ஷன் லாக் கோப்பைத்தான் சுருக்கும், டெஸ்ட் ஓடும் நேரத்தை அல்ல.

பைத்தானுக்குள்ளிருந்து ரன்-கீவேர்டை (ரோபோட் கீவேர்டுகளை இயக்கும் கட்டளை) அழைத்தால் பழைய சுமை அப்படியே திரும்பிவிடும், அதைத் தவிருங்கள்.

மாற்றினால் வரிவாரியான லாக் போய்விடும். ஆகவே முதல் தவறிலேயே நிற்காமல், பொருந்தாத வரி எண்களையும் இரு மதிப்புகளையும் பட்டியலில் சேர்த்து, கடைசியில் ஒரே அசெர்ஷன் பிழையாக (டெஸ்டைத் தோல்வியாக்கும் பிழை) எழுப்புங்கள். பிரவுசர் டெஸ்ட்களை இதற்காகத் தொடவேண்டாம். அங்கே நேரம் பக்கம் ஏறுவதில்தான் போகிறது.