நாலு பருவுக்கா இவ்வளவு கவலை?

கேள்வி: எனக்கு வயது 23. கன்னத்தில் நாலைந்து பருக்கள்தான். ஆனாலும் வீடியோ காலில் கேமராவை அணைத்துவிடுகிறேன். தோழிகள் கூப்பிட்டாலும் வெளியே போவதில்லை. அண்ணனுக்கு முகம் முழுக்கப் பரு, அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு திரிகிறான். "நீ ஒரு தொட்டாற்சிணுங்கி" என்கிறாள் அக்கா. கோளாறு என் முகத்திலா, சுபாவத்திலா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முகம் நிறையப் பருவோடு வந்து, மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். தாடையில் ஒரே ஒரு பரு, அதைக் கையால் மறைத்தபடியே பேசி முடிப்பவர்களும் வருகிறார்கள். எத்தனை பரு என்பதை வைத்து மன வருத்தத்தை அளக்க முடியாது. அதனால்தான், 'போன வாரம் தோலால் எவ்வளவு சங்கடப்பட்டீர்கள்?' என்பது போன்ற பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்று 1994 முதல் தோல் மருத்துவத்தில் புழக்கத்தில் இருக்கிறது.

சட்டென்று கவலைப்படும் சுபாவக்காரர்களுக்கு அதே பரு கூடுதலாக உறுத்தும், உண்மைதான். அதைக் கோளாறு என்று நான் சொல்ல மாட்டேன். (அக்காவிடம் அந்தப் பட்டப்பெயரை நிறுத்தச் சொல்லுங்கள்.) ஆனால் கவலை கையை முகத்துக்குக் கொண்டுபோகும். நானே 19 வயதில், கண்ணாடியில் மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று ராத்திரியெல்லாம் கிள்ளியவள். பருக்கள் எப்போதோ போய்விட்டன. கிள்ளின குழி இடது தாடையில் இன்னும் இருக்கிறது.

எல்லோரும் உங்கள் கன்னத்தையே பார்ப்பதாகத் தோன்றுகிறது, இல்லையா? அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் வரவழைக்கும் படம் போட்ட பனியனோடு மாணவர்களை ஒரு அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள் மாணவர்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான். பருவைப் பனியன் மாதிரிக் கழற்றி வைக்க முடியாது, தெரியும். ஆனால் கணக்கு அப்படித்தான் தப்பாகிறது.

சரி, மருந்துக்கு வருவோம். பென்சாயில் பெராக்சைடு, அடபலீன் போன்ற பூச்சுகள் பலன் காட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டாம் வாரமே விட்டுவிட்டு 'எனக்கு எதுவும் கேட்காது' என்பவர்கள்தான் அதிகம். டாக்டரிடம் போகும்போது கேமரா விஷயத்தையும் சொல்லுங்கள். தூக்கம் கெட்டாலோ, எதிலும் பிடிப்பு இல்லாமல் இரண்டு வாரம் ஓடினாலோ மனநல மருத்துவரையும் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே.

அப்புறம், அடுத்த வீடியோ காலில் உங்கள் முகம் உங்களுக்குத் தெரியும் கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கேமராவைத் திறந்து வையுங்கள். எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.