வரைபடப் புள்ளிக்கு முன்பணமா?

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் வாசகர் ஒருவரின் கேள்வி: இணையத்தில் உள்ள உலர்தாவரப் பதிவு (காயவைத்துச் சேமித்த செடி மாதிரியின் விவரம்) ஒன்றில், வேருக்காக விற்கப்படும் மூலிகையான தோங்காட் அலிக்கான வரைபடப் புள்ளி அவருடைய டுரியான் தோட்டத்தின் மேல் விழுகிறது. ‘ஹெர்பேரியம் சான்றிதழ்’ எடுத்தால் வேருக்கு நல்ல விலை கிடைக்கும், முன்பணம் 800 ரிங்கிட் என்கிறார் தரகர். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஹெர்பேரியம் என்பது உலர்தாவரக் காப்பகம். அங்குள்ளவர்கள் நீங்கள் கொண்டுபோகும் கிளையைப் பார்த்து, இது இன்ன இனம் என்று எழுதித் தரலாம். உங்கள் நிலத்தில் எத்தனை செடி, வேர் என்ன விலை போகும் என்பதெல்லாம் அவர்கள் வேலை அல்ல.

இனி அந்தப் புள்ளி. சார்லஸ் கர்ட்டிஸ் 1884 முதல் பினாங்குத் தாவரவியல் பூங்காவைக் கவனித்தவர், அங்கே செடிகளைச் சேகரித்தவர். அந்தக் காலத்து மாதிரிகளோடு இருக்கும் சீட்டுகளில் இடம் என்பது பெரும்பாலும் ஒரு மலைப்பெயர், அடிக்கணக்கில் உயரம், அவ்வளவுதான். ‘பினாங்கு’ என்று மட்டும் எழுதியவையும் உண்டு. நூறாண்டு கழித்துக் கணினியில் ஏற்றுகிறவர் தீவின் நடுவில் ஒரு புள்ளியை வைத்துவிடுகிறார். 295 சதுர கிலோமீட்டர் தீவு ஊசிமுனையாகிவிடுகிறது! எத்தனை கிலோமீட்டர் பிசகலாம் என்று சொல்லும் கட்டம் பல பதிவுகளில் காலி. இப்படி ஒரு பிழையை ஒரு காப்பகத்துக்கு எழுதிச் சொன்னேன். ஓராண்டாகியும் பதில் இல்லை.

‘மூன்று பதிவு இருக்கிறது’ என்று தரகர் அடித்துப் பேசினால், சேகரித்தவர் பெயரையும் எண்ணையும் ஒப்பிடுங்கள். ஒரே செடியின் கிளைகளைச் சிங்கப்பூருக்கும் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்கும் பங்கிட்டு அனுப்புவது வழக்கம். எண் ஒன்றானால் செடியும் ஒன்றுதான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சேகரித்தவரே ஜிபிஎஸ் கருவியில் குறித்த அண்மைப் பதிவு என்றால் புள்ளியை ஓரளவு நம்பலாம். அதிலும் 2000 மே மாதத்துக்கு முந்தியது என்றால் நூறு மீட்டர் வரை தள்ளியிருக்கும். அதுவரை அமெரிக்கா சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. அடர்ந்த மரநிழலில் பிசகு கூடும். சிலர் செடி நின்ற இடத்தை விட்டுவிட்டு, வண்டியை நிறுத்திய இடத்தைக் குறித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆகவே ஜிபிஎஸ் புள்ளியாக இருந்தாலும் தோட்டத்துக்குள் இறங்கிப் பாருங்கள்.

எதைத் தேடுவது? வில்லியம் ஜேக் 1822இல் யூரிகோமா லாங்கிஃபோலியா என்று பெயரிட்ட செடியை. தண்டு பெரும்பாலும் கிளைக்காமல் ஒல்லியாக நிற்கும். உச்சியில், ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கொண்ட நீண்ட கூட்டிலைகள் குடைபோல் விரியும். ‘கறுப்பு தோங்காட் அலி’ என்று விற்கப்படுவது வேறு குடும்பம். அதில் தனி இலைதான். சந்தேகம் இருந்தால், பூவோ காயோ உள்ள கிளையைச் செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து, கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்தில் நீங்களே கேளுங்கள். கட்டணத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. நிரந்தரக் காப்புக்காட்டில் உரிமமின்றித் தோண்டுவது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். அப்படித் தோண்டிய வேர் கையில் இருப்பவருக்கு, ‘பாலிக் பூலாவ் தோட்டத்தில் எடுத்தது’ என்று காட்ட ஒரு நிலம் வேண்டும். தரகர் உங்கள் நிலப் பட்டாவின் நகலைக் கேட்டாரா? கேட்டிருந்தால் அதையும் கொடுக்காதீர்கள்.